முகவரி தெற்கு டகோட்டா, கடிதம் படிப்பது மதுரையில்

அண்ணா நகரில் அம்மா வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் எங்களுக்கு வீடு என்றால் ஆர்.வி. எனப்படும், உள்ளேயே வசிக்கும் வண்டிதான், 4 ஆண்டுகளாகச் சக்கரத்தின் மேல் குடித்தனம். ஆனாலும் உரிமம், வரி, வங்கி எல்லாவற்றுக்கும் ஒரு மாநிலம் சொந்தமாக வேண்டுமே!

டெக்சாஸ், ஃபுளோரிடா, தெற்கு டகோட்டா மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது. நாங்கள் தெற்கு டகோட்டாவைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே ஓர் இரவு தங்கிய ரசீதும், நமக்காகக் கடிதங்களை வாங்கி வைக்கும் தனியார் தபால் நிறுவனத்தின் முகவரியும் காட்டி, ஓட்டுநர் உரிமம் வாங்கினோம்.

அந்தத் தபால் சேவைதான் எங்கள் உயிர்நாடி. அமெரிக்க அஞ்சல் துறையின் 1583 எண் படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்திட்டால் நம் கடிதங்களை அவர்கள் வாங்கி வைப்பார்கள். நேற்று அம்மா மாவு ஆட்டிக்கொண்டிருக்கையில், ஓரம் நனைந்த பழுப்பு உறையின் படம் கைபேசியில் வந்தது. "திறவுங்கள்" என்று குறித்தேன். இரவு படுப்பதற்குள் உள்ளிருந்த வண்டிப் பதிவுக் கடிதம் பக்கம் பக்கமாகப் படமாக வந்துவிட்டது. மகிழ்ச்சியில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரே குறை: ஒருமுறை நாங்கள் காலி செய்த முகாமுக்குப் பார்சலை அனுப்பிவிட்டு, மறுபடி அனுப்பவும் கட்டணம் வாங்கினார்கள். அது நியாயமில்லை.

மாநிலத்தை முடிவு செய்யுமுன் மருத்துவக் காப்பீட்டைப் பாருங்கள். பல திட்டங்கள் சொந்த மாநில மருத்துவமனைகளோடு நின்றுவிடும். வரியை மட்டும் பார்த்த நாங்கள், அரிசோனாவில் கணவருக்குக் காய்ச்சல் வந்தபோது முழுத் தொகையையும் கையிலிருந்து கட்டினோம்.