துருப்பிடித்த தோசைக்கல்: கிரைண்டிங், புளித்தண்ணீர், மின்தொட்டி எது தேறும்?

பரணிலிருந்து துருவேறிய வார்ப்பிரும்புத் தோசைக்கல் ஒன்றை இறக்கினால், கடலூரிலும் சரி புதுச்சேரியிலும் சரி, வீட்டில் முதலில் கேட்கும் குரல் "பட்டறையில குடுத்து கிரைண்டிங் அடிச்சிடு" என்பதுதான். பத்து நிமிடத்தில் கல் பளபளவென்று திரும்பி வந்துவிடும். இருந்தும், எனக்குத் தெரிந்த வழிகளிலேயே ரொம்பக் கெட்ட வழிகளில் அதுவும் ஒன்று.

பழைய கல்லில் மதிப்புள்ளது அதன் முகம்தான். புதுக்கல்லில் மணல் அச்சின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். முப்பது நாற்பது வருஷம் தோசைத்திருப்பி உரசி உரசித்தான் அது மழமழவென்று ஆகிறது. அந்த மழமழப்பை எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. அதனால் எந்த முறையானாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: துருவை மட்டும் எடுக்கிறதா, கூடவே இரும்பையும் தின்கிறதா?

அதற்கு முன், கல் மீட்கத் தகுந்ததுதானா என்று பார்த்துவிடுங்கள். கயிற்றில் தூக்கிப் பிடித்து மரக்கரண்டியால் தட்டினால் கணீரென்று நீண்டு ஒலிக்க வேண்டும். மொத்தையாகச் சத்தம் வந்தால் எங்கேயோ விரிசல் இருக்கிறது. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கரிமம் இருப்பதால் அது கடினம், ஆனால் வளையாது, உடையும். விரிசல் விட்டது அடுப்பில் இன்னும் விரியும். இன்னொன்று நம் கரையோரத்துக்கே உரிய எச்சரிக்கை. தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலோரக் குப்பத்துப் பக்கம் வாங்கும் பழைய சட்டி என்றால், வலைக்குக் குண்டு வார்க்கக் காரீயம் உருக்கியதா என்று விசாரித்துவிடுங்கள். ஆமென்றால், அல்லது சந்தேகம் இருந்தாலே, அதை மறந்துவிடுங்கள். எந்த முறையில் கழுவினாலும் அந்த நஞ்சு போய்விட்டது என்று வீட்டில் உறுதிசெய்ய வழியில்லை.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் "பிரெஞ்சுக்காரன் காலத்துச் சட்டி" என்று விலை ஏற்றுவார்கள். இந்தக் கரைக்கும் வார்ப்பிரும்புக்கும் உறவு பழசுதான். 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கி, சேலத்துக் கனிமத்தை மரக்கரியில் உருக்கினார். ஆனாலும் வார்த்த குறியோ எழுத்தோ இல்லாத கல்லுக்கு வயது சொல்ல யாராலும் முடியாது. கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். முகத்தைத் தடவிப் பார்த்து அதற்குக் கொடுங்கள்.

இப்போது முறைகளுக்கு வருவோம்.

கிரைண்டிங் சக்கரம் துருவோடு அந்த முகத்தையும் வழித்துவிடும். வட்ட வட்டமாகக் கோடு விழும், கை அழுத்திய இடத்தில் பள்ளம் விழும். மாவை ஊற்றித் தேய்த்ததும் தெரிந்துவிடும்: பள்ளத்தில் மாவு தேங்கி வேகாமல் நிற்க, மேட்டில் கருகும். தப்பித்தவறி ரொம்பவும் மெருகேற்றிவிட்டால் எண்ணெய்ப் படலம் பிடிக்காமல் உரிந்து உரிந்து வரும். புதுக்கல்லின் சொரசொரப்பைக் குறைக்க உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பது வேறு விஷயம், அதில் தப்பில்லை.

நெருப்பில் போட்டுப் பழுக்கக் காய்ச்சுவது இதைவிட மோசம். கரி போய்விடும் என்பது உண்மைதான். கூடவே கல் கோணலாகிவிடும், சில சமயம் வெடித்தும் போகும். செக்கச்சிவக்கக் காய்ந்த இரும்பில் செதில் படிந்து, பிறகு எத்தனை முறை எண்ணெய் தடவிக் காய்ச்சிப் பழக்கினாலும் எண்ணெய் நிற்காது.

கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு கரைந்த கையோடு இரும்பையும் அரிக்கும், குளோரைடு நுண்துளைகளில் தங்கி ஒரே வாரத்தில் துருவைத் திரும்பக் கூட்டி வரும். உப்புக்காற்று ஏற்கெனவே செய்கிற வேலையை நாமும் ஏன் செய்ய வேண்டும்?

மிஞ்சுவது மூன்று: கஞ்சி, புளி அல்லது வினிகர், மின்தொட்டி (சோடாத் தண்ணீரில் கல்லை மூழ்கவிட்டு, கரண்ட் விட்டுத் துருவை எடுப்பது). இவை மூன்றும் நல்ல வழிகள்தான், பொருந்தும் இடம்தான் வேறு வேறு.

வடிகஞ்சியையோ அரிசி களைந்த தண்ணீரையோ ஊற்றி வைத்து நாளுக்கொரு முறை மாற்றுவது நம் பாட்டிகளின் வழி. நம் ஊர் வெக்கையில் கஞ்சி ஒரே ராத்திரியில் புளித்துவிடும். அந்த மெல்லிய புளிப்பு மேல்துருவை இளக்கும். இரும்புக்கு இதைவிட மென்மையான வழி இல்லை. ஆனால் சில நாள் பிடிக்கும், தடித்த துருவிடம் தோற்றுவிடும்.

புளியும் வினிகரும் வேகமானவை. புளியில் டார்டாரிக் அமிலம், வினிகரில் அசிட்டிக் அமிலம். கடை வினிகருக்குச் சரிபாதி தண்ணீர் சேர்த்து முழுக்க மூழ்கவிட்டு, அரைமணிக்கு ஒரு தரம் எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துப் பாருங்கள். துரு தீர்ந்த பிறகும் ஊறவிட்டால் அமிலம் இரும்பைத் தின்னத் தொடங்கும், முகம் சாம்பல் நிறமாகிப் பொரிப்பொரியாகும். ராத்திரி ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போகும் வேலை இல்லை இது. எடுத்ததும் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை அலசினால் மிச்சப் புளிப்பு அடங்கும்.

2015 வெள்ளத்தில் ஊறியது போன்ற, துரு பொருக்குப் பொருக்காக ஏறிய சட்டிகளுக்கு என் ஓட்டு மின்தொட்டிக்கே. பிளாஸ்டிக் தொட்டியில் ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கிளிப் கல்லுக்கு, பாசிட்டிவ் ஏதாவது பழைய இரும்புத் தகட்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கிளிப்பை மாற்றிப் போட்டால் தகட்டுக்குப் பதிலாக உங்கள் கல் கரையும். புதுவகைத் தானியங்கி சார்ஜர்கள் எதிரே பேட்டரி இல்லையென்றால் கரண்ட்டே விடாது, பழைய சாதா சார்ஜர்தான் வேண்டும். எவர்சில்வர் தகட்டை மட்டும் வைக்கவே கூடாது, அதிலுள்ள குரோமியம் கரைந்து தண்ணீர் நஞ்சாகும். கல்லிலிருந்து ஹைட்ரஜன் கிளம்புவதால் மொட்டைமாடியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். கை வைக்கும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் இப்படிப் போட்டிருந்த பணியாரக்கல்லைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். போட்ட கொஞ்ச நேரத்தில் கல்லெல்லாம் பொடிக் குமிழி, சாயங்காலத்துக்குள் தொட்டி முழுக்கப் பழுப்பு நுரை. எடுத்தபோது சிவப்புத் துரு கறுப்புச் சேறாக மாறியிருந்தது, நார் பட்டதுமே வழிந்தது. குழிக்குள்ளே மழமழப்பு அப்படியே இருந்தது. அடியில் யாருக்கும் தெரியாமல் புதைந்திருந்த 7 என்ற எண் புடைத்துக்கொண்டு நின்றது. கிரைண்டிங் அடித்திருந்தால் அந்த எண்ணே போயிருக்கும். தகட்டைப் பார்த்த பக்கம்தான் முதலில் சுத்தமாகும் என்பதால் நடுவில் ஒருமுறை கல்லைத் திருப்பி வைத்தார்கள்.

ஆக லேசான துருவென்றால் கஞ்சி, நடுத்தரமென்றால் வினிகர், முற்றியதென்றால் மின்தொட்டி. எண்ணெய்க்கசடு மட்டும்தான் என்றால் இதில் எதுவுமே வேண்டாம், காஸ்டிக் சோடாத் தண்ணீர் போதும். அது கொழுப்பைக் கரைக்கும், இரும்பைத் தொடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரத்தைக் கிட்டேகூடக் கொண்டுவராதீர்கள்.

எந்த வழியானாலும் கடைசி அலசல் முக்கியம். நம் பக்கம் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். கடைசியில் ஒரு சொம்பு கேன் தண்ணீர் ஊற்றி, துடைத்து, உடனே அடுப்பில் ஏற்றிவிடுங்கள். துரு நீங்கிய வெற்று இரும்பு கடற்காற்றில் கண்ணெதிரே மஞ்சளாகும். காயவைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

அடுத்த சண்டை எண்ணெயில். பழக்குவது என்பது எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமாவது. எவ்வளவு இறுகும் என்பதை அயோடின் எண் ஓரளவு காட்டும். தேங்காய் எண்ணெய்க்கு 10 அளவில்தான், அதனால் படலம் கட்டாமல் பிசுபிசுக்கும். நல்லெண்ணெய் 105-க்கு முன்பின், சூரியகாந்தி 120-க்கு மேல், ஆளிவிதை 170-க்கு மேல். எண்ணைப் பார்த்தால் ஆளிவிதைதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் அது கட்டும் படலம் கடினமானது, சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் செதில் செதிலாக உரியும். நான் நல்லெண்ணெய்க்குத்தான் கட்சி. தேய்த்து, தேய்த்ததை முழுக்கத் துடைத்தெடுத்துவிட்டது போலத் தோன்றுமளவுக்கு மெல்லிசாக்கி, புகை அடங்கும்வரை காய்ச்சி, ஆறவிட்டுத் திரும்பவும். நாலைந்து சுற்று போதும். மீதியைத் தினசரித் தோசை பார்த்துக்கொள்ளும். சங்கரா மீன் வறுத்தாலும் கல் தேறும். புளிக்குழம்பை மட்டும் மண்சட்டிக்கு விட்டுவிடுங்கள். புளி படலத்தைக் கரைத்துக் குழம்பையும் கறுப்பாக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் மறுநாளே புள்ளி விழும். அடுப்பில் ஒரு நிமிடம் காயவைத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, செய்தித்தாள் சுற்றிக் காற்றாட வையுங்கள். மூடிய பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறியவர்கள் பழைய கல்லை எடைக்குப் போட வேண்டியதில்லை. வார்ப்பிரும்பு இண்டக்‌ஷனில் நன்றாகவே சூடாகும், அடி தட்டையாக இருந்தால் போதும். அடியில் விளிம்போ பிசிறோ துருத்தியிருந்தால், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அடிப்பக்கத்தை மட்டும் மட்டம் எடுக்கச் சொல்லலாம். முகத்தில் கை வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூட்டைக் குறைவில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள், எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் வைத்தால் நடு மட்டும் சட்டென்று விரிந்து கல் வெடிக்கலாம். உடைந்த காதை ஒட்டவைப்பதற்கு நிக்கல் ராடும், முன்கூட்டிக் காய்ச்சுவதும், ஆறவிடும் பொறுமையும் தெரிந்த வெல்டர் வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் காது இல்லாமலே இடுக்கியால் பிடித்துப் புழங்குவது மேல்.