லாம்போ ஃபீல்ட் டூர்: போவதற்கு முன் 1958-ஐத் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் மைதானமான லாம்போ ஃபீல்டைச் சுற்றிக் காட்டும் டூரும், அதே கட்டடத்தில் அவர்களுடைய ஜாம்பவான்களைப் போற்றும் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகமும் கொடுத்த காசுக்குக் குறைவே வைக்காதவை. அமெரிக்கக் கால்பந்தில் ஆர்வமுள்ள யாரும் தாராளமாகப் போகலாம். ஆனால் வருகிறவர்களில் பலர் 1966 சீசன் முதல் நடக்கும் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் அணி வென்ற நான்கு கோப்பைகளின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்த அணி மிக மோசமாகத் தோற்ற ஆண்டைத் தெரிந்துகொண்டு போனால்தான் இந்த இடத்தின் அருமை பிடிபடும்.

அந்த ஆண்டு 1958. அப்போது ஒரு சீசனுக்கு 12 ஆட்டங்கள். பேக்கர்ஸ் ஜெயித்தது ஒன்றில். டெட்ராய்ட் லயன்ஸுடன் 13-13 என ஒரு டிரா. மீதி பத்தும் தோல்வி. நூறாண்டு தாண்டிய இந்த அணியின் வரலாற்றில் இதைவிட மோசமான சீசன் கிடையாது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸை 38-35 என்று வென்ற அடுத்த வாரமே பால்டிமோர் போய் கோல்ட்ஸிடம் 56-0 என்று உதை வாங்கினார்கள். கோல்ட்ஸின் நட்சத்திரம் ஜானி யூனைட்டஸ் அதே ஆட்டத்தில் விலா எலும்பு முறிந்து வெளியேறியும் அந்த நிலைமை! அதற்குப் பிறகு சீசன் முடியும்வரை ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை.

சரி, ஆள் பலம் இல்லாத அணியா? டூரில் உங்களை கேலரிக்கு அழைத்துப்போய் அலுமினிய பெஞ்சுகளில் உட்காரவைப்பார்கள். அங்கிருந்து எதிர்ப்பக்கம் பாருங்கள். ஒஹாயோவின் கேன்டன் நகரில் இருக்கும் தேசிய ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்த பேக்கர்ஸ்காரர்களின் பெயர்கள் மைதானத்தைச் சுற்றி எழுதப்பட்டிருக்கும். பார்ட் ஸ்டார், பால் ஹார்னங், ஜிம் டெய்லர், ரே நிட்ஷ்கி, ஃபாரஸ்ட் கிரெக், ஜிம் ரிங்கோ, ஜெரி கிரேமர், பாபி டில்லன். இந்த எட்டுப் பேரும் 1958-இல் இதே அணியில் ஆடியவர்கள். எட்டு ஜாம்பவான்களை வைத்துக்கொண்டு ஒரே ஒரு வெற்றி. எனக்கு இந்த மைதானத்தில் இதைவிடப் பெரிய காட்சி எதுவும் இல்லை.

எங்களுக்கு வந்த வழிகாட்டி பணி ஓய்வு பெற்ற உள்ளூர்க்காரர். 56-0 பற்றிக் கேட்டதும் தயங்கவே இல்லை. அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டினார். டில்லன் பெயரில் மட்டும் கொஞ்சம் நின்றார். சிறுவயதிலேயே ஒரு கண் பார்வையை இழந்தவர் டில்லன். அப்படியிருந்தும் எதிரணி வீசிய பந்தை 52 முறை இடைமறித்துப் பிடித்தவர். இந்த அணியில் அந்தச் சாதனை இன்றும் அவருடையதுதான். 1952 முதல் 1959 வரை எட்டு சீசன் ஆடினார். அதில் தோல்வியைவிட வெற்றி அதிகமாக இருந்தது கடைசி சீசனில் மட்டும். கோப்பைகள் வரத் தொடங்குவதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். கேன்டனில் அவருக்கு இடம் கிடைத்தது 2020-இல். அதற்கு முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார். என் மனதில் நின்ற வீரர் இவர்தான்.

அப்புறம் ஏன் தோற்றார்கள்? பயிற்சியாளர் ரே 'ஸ்கூட்டர்' மெக்லீன் நல்ல மனிதர், வீரர்களுக்குத் தோழர், அவர்களோடு உட்கார்ந்து சீட்டாடுவார். அதனாலேயே அவரால் யாரையும் அதட்ட முடியவில்லை. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் ஸ்டாரையும் பேப் பரில்லியையும் மாற்றி மாற்றி இறக்கினார். ஜிம் டெய்லரைப் பெரும்பாலும் பெஞ்சில் உட்காரவைத்தார். டெய்லர் கைக்குப் பந்து ஒழுங்காக வந்தது கடைசி இரண்டு ஆட்டங்களில்தான். இதற்கு மேல் நிர்வாகம் வேறு. பேக்கர்ஸ் பணக்கார முதலாளி யாருக்கும் சொந்தமில்லை. பொதுமக்கள் பங்கு வாங்கி வைத்திருக்கும் அணி, லாபப் பங்கு என்று யாருக்கும் எதுவும் கிடையாது. ஊர் கூடித் தேர் இழுக்கும் ஏற்பாடு அது. அந்தக் காலத்தில் நிர்வாகக் குழுவில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள், பயிற்சியாளரின் வேலையில் எல்லோரும் தலையிட்டார்கள். சீசன் முடிந்ததும் மெக்லீன் விலகிவிட்டார். அவரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடுவது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

அருங்காட்சியகத்தில், மெக்லீனுக்குப் பிறகு வந்த பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் அலுவலகத்தை அப்படியே திரும்ப அமைத்திருக்கிறார்கள். அங்கே அவசரப்படாதீர்கள். 56-0 என்று அடித்த அதே கோல்ட்ஸ்தான் 1958 டிசம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸைக் கூடுதல் நேரத்தில் 23-17 என வென்று சாம்பியன் ஆனது. தோற்ற ஜயன்ட்ஸின் தாக்குதல் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தவர் லொம்பார்டி. அடுத்த மாதமே கிரீன் பே அவரை அழைத்துக்கொண்டது. பயிற்சியாளர், பொது மேலாளர் என இரண்டு பொறுப்பும் அவர் ஒருவர் கையில். குழுவின் தலையீடு அதோடு நின்றது. 1959-இல் 7 வெற்றி, 5 தோல்வி. அதன் பிறகு 1961, 62, 65, 66, 67 என ஐந்து சாம்பியன் பட்டங்கள். ஆனால் டெய்லர், நிட்ஷ்கி, கிரேமர் மூவரையும் 1958 டிராஃப்டிலேயே (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர், அணிக்கு ஆள் தேடும் பொறுப்பில் இருந்த ஜாக் வைனிசி. இந்தப் பட்டங்களில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் 1960-இல், 33 வயதில் இறந்துபோனார். லொம்பார்டியின் மேசை முன் நிற்கும்போது இவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வீரர்கள் ஓடிவரும் சுரங்கப்பாதை வழியாக நம்மையும் அழைத்துப்போகிறார்கள். பழைய பாதையிலிருந்து பெயர்த்தெடுத்த கான்கிரீட் துண்டைப் புதிய தரையில் பதித்திருக்கிறார்கள்; நிறமே வேறு, காலடியில் நன்றாகத் தெரியும். புல்தரையின் ஓரம்வரை விடுவார்கள், புல்லை மிதிக்க அனுமதி இல்லை. குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

மில்வாக்கியிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். பேக்கர்ஸ் அங்கே ஆடும் நாட்களில் டூர் இருக்காது, அட்டவணையைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். டூர் வகைகளில் மிகச் சிறியதை எடுக்க வேண்டாம். முதலில் அருங்காட்சியகம், பிறகு டூர் என்று வைத்துக்கொண்டால் கேலரியில் அந்த எட்டுப் பெயர்களையும் நீங்களாகவே அடையாளம் கண்டுவிடலாம். குளிர்காலம் என்றால் கனமான கையுறை கட்டாயம்.