சுவரில் மாட்ட சால்வடோர் டாலியா, லியோனோர் ஃபினியா?

பெண் உருவம் உள்ள சர்ரியலிச (கனவு போல விசித்திரமான) லித்தோகிராஃப், அதாவது கல்லில் வரைந்து தாளில் எடுக்கும் அச்சு, வாங்க நினைப்பவர்கள் பலர் இந்த இரண்டு ஓவியர்களுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

உருவம்: டாலி பெண்ணின் உடம்பிலேயே மேசை டிராயர் வைப்பார். ஃபினியின் பெண் ஸ்ஃபிங்ஸாக (பெண் தலை, சிங்க உடம்பு) உட்கார்ந்து நம்மையே அளப்பாள். என் ஓட்டு ஃபினிக்கு.

நம்பகம்: டாலியிடம் இதுதான் தலைவலி. மனுஷன் வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுத் தள்ளியவர், 1974-இல் அப்படி 40,000 தாள்களோடு வந்த வண்டியை பிரான்சில் மடக்கினார்கள். அந்தத் தாளில் பிறகு யாரும் எதையும் அச்சிடலாம். அதனால் பென்சில் கையெழுத்தை விட்டுவிட்டு லென்ஸில் மையைப் பாருங்கள்: வரிசை வரிசையாகப் புள்ளி இருந்தால் ஆஃப்செட் (ஃபோட்டோ எடுத்து மெஷினில் அடித்த நகல்), கன்னாபின்னாவென்று பொடிப்பொடியாக இருந்தால் லித்தோவாக இருக்கலாம்.

பராமரிப்பு: இருவருக்கும் ஒன்றே. பெசன்ட் நகர் ஈரக்காற்றில் தாளில் பழுப்புப் புள்ளி விழும், அமிலமில்லாத மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) போடுங்கள், தாள் கண்ணாடியைத் தொடக் கூடாது.

பெயர்தான் முக்கியம் என்றால் டாலி, அதுவும் பதிப்பு விவரம் அவருடைய அச்சுகளைத் தொகுத்த பட்டியல் நூலோடு ஒத்துப்போனால் மட்டும். தினமும் பார்த்துக்கொண்டிருக்க என்றால் ஃபினி.