மே மாத வெயிலில் ஜார் கேண்டில் பார்சல்: ஜெல் பேக்கா, தெர்மகோலா, ஃபாயில் ஷீட்டா?

வெயில் காலத்தில் சோயா கேண்டிலைப் பார்சல் அனுப்ப என்று மூன்று பொருள்கள் விற்கின்றன: ஜெல் பேக், தெர்மகோல் பெட்டி, அலுமினிய ஃபாயில் ஒட்டிய பப்பிள் ஷீட். 200 கிராம் வேக்ஸ் ஊற்றிய கண்ணாடி ஜார் ஒன்று, சென்னையிலிருந்து வேலூருக்கோ கரூருக்கோ இரண்டு நாளில் போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் பார்க்கலாம்.

பலரும் முதலில் வாங்குவது ஜெல் பேக். காசுக்குக் கொஞ்சமும் தகாததும் அதுதான். கணக்குப் போட்டாலே தெரியும். 20×20×15 செ.மீ. தெர்மகோல் பெட்டி, சுவர் 2 செ.மீ. கனம். வெளியே 40 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால் நொடிக்கு 6, 7 ஜூல் வெப்பம் சுவர் வழியே உள்ளே வரும். உறைந்த 400 கிராம் ஜெல் முழுக்க உருகச் சுமார் 1,33,000 ஜூல் போதும். அதாவது ஐந்து, ஆறு மணி நேரம். மாலை 5 மணிக்குக் கவுண்டரில் கொடுத்தால் இரவு 11 மணிக்கு அது வெறும் தண்ணீர்ப் பை. கேண்டிலுக்கு ஆபத்து வருவதோ மறுநாள் மதியம், டெலிவரி வண்டி வெயிலில் நிற்கும்போது.

உதவாதது மட்டுமில்லை, கெடுதலும் உண்டு. ஜெல் பேக்கின் மேல் வியர்க்கும் நீர் அட்டையை ஊற வைக்கும், லேபிளில் மை கலையும். திடீர்க் குளிரில் வேக்ஸ் சுருங்கிக் கண்ணாடியை விட்டு விலகும். வெளியிலிருந்து பார்த்தால் ஈரத் திட்டுகள் மாதிரி தெரியும்.

தெர்மகோல் பெட்டி மட்டும் தனியாக என்றால் பரவாயில்லை, மதியச் சூட்டின் உச்சத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். ஆனால் கூரியர் கட்டணத்தில் இடிக்கிறது. பெட்டி பெரிதாக, எடை குறைவாக இருந்தால் அளவை வைத்தே எடை கணக்கிட்டுக் கட்டணம் போடுவார்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுப்பதுதான் பெரும்பாலான கூரியர்களின் வழக்கம். மேலே சொன்ன பெட்டிக்கு 1.2 கிலோ வரும். அதே ஜார் 14 செ.மீ. கன சதுர அட்டைப் பெட்டியில் போனால் 0.55 கிலோதான். ஒற்றை ஜாருக்கு இது கட்டுப்படியாகாது. நான்கு, ஆறு ஜார் சேர்ந்து போகும் ஆர்டருக்கு மட்டும் வாங்கலாம்.

மூன்றில் வாங்கத் தகுந்தது ஃபாயில் பப்பிள் ஷீட். ஆனால் பெரும்பாலோர் அதைச் சுற்றும் விதம் தப்பு. ஃபாயில் வேலை செய்வது வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பி. அதற்கு எதிரே காற்று இடைவெளி வேண்டும். அட்டையோடு ஒட்டி இறுக்கினால் அந்தப் பயன் போய்விடும். ஜாரை முதலில் ஹனிகூம்ப் பேப்பரில் (இழுத்தால் தேன்கூடு போல விரியும் பேக்கிங் பேப்பர்) இறுக்கிச் சுற்றி, அதன் மேல் ஃபாயில் ஷீட்டைப் பை போலச் செய்து, மேலும் கீழும் உட்பட எல்லா மடிப்பையும் டேப் போட்டு மூடவும். பைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே 1 செ.மீ. விட்டு, மூலைகளில் மட்டும் அட்டைத் துண்டு கொடுத்து ஆடாமல் நிறுத்தவும். டெலிவரி பையில் கழியும் ஒரு மணி நேரத்தைச் சமாளிக்க இது உதவும். நாள் முழுக்க வெயிலில் நின்ற வேனுக்கு எதுவும் ஈடு கொடுக்காது.

அதனால்தான் பேக்கிங்குக்கு முன் வேக்ஸைப் பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலரும் ஊற்றும் சோயா வேக்ஸ் வகையான கோல்டன் வேக்ஸ் 464 உருகுவது சுமார் 46–48 டிகிரியில்; இளகத் தொடங்குவது அதற்கு முன்பே. கோல்டன் வேக்ஸ் 444 சுமார் 50–52 டிகிரி தாங்கும். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் கோடைப் பார்சல் தப்புவதும் கவிழ்வதும் பெரும்பாலும் இந்த நான்கு டிகிரிக்குள்தான். தேங்காய் வேக்ஸ் அதிகம் கலந்த வகைகள் இன்னும் மென்மை. அக்னி நட்சத்திரம் முடியும் வரை அவற்றை அனுப்பாமல் இருப்பதே நல்லது. 464 தான் கையில் இருக்கிறது என்றால் 3 சதவீதம் ஸ்டியரிக் ஆசிட், அதாவது 200 கிராமுக்கு 6 கிராம், சேர்த்துக் கெட்டியாக்கலாம். வேக்ஸ் மாறினால் விக்கும் (திரியும்) மாற வேண்டி வரும். எரித்துப் பார்க்காமல் விற்கக் கூடாது. வாசனை எண்ணெயையும் 10 சதவீதத்திலிருந்து 6-க்கு, அதாவது 20 கிராமிலிருந்து 12 கிராமுக்கு இறக்கவும். ஊற்றி இரண்டு வாரம் ஆற விட்ட பிறகே பேக் செய்யவும்.

வாடிக்கையாளர் அனுப்பும் போட்டோவிலேயே என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். வேக்ஸ் ஒரு பக்கம் ஏறி, சாய்வாக உறைந்து, விக்கும் சரிந்திருந்தால் பெட்டி படுத்த நிலையில் முழுக்க உருகியிருக்கிறது. மேல்பரப்பு மட்டமாகவே இருந்து, அதில் முத்து முத்தாக எண்ணெய் நின்றால் உருகவில்லை. சூட்டில் எண்ணெயை மட்டும் கக்கியிருக்கிறது. முதலாவது வேக்ஸை மாற்றினால் சரியாகும். இரண்டாவதற்கு எண்ணெய் அளவைக் குறைக்க வேண்டும்.

மூடியில் சிலிக்கான் வளையம் இருக்க வேண்டும். மூடி சேரும் இடத்தைச் சுற்றி ஒரு சுற்று டேப், பிறகு ஜிப் கவர். உருகினாலும் பக்கத்து ஜாரின் லேபிளாவது பிழைக்கும்.

அனுப்பும் வழியில், மாநிலத்துக்குள் என்றால் இரவு பஸ் பார்சலுக்குத்தான் முதல் இடம். வெயில் இறங்கிய பின் ஏறி, விடியும்போது இறங்கிவிடும்; வாங்குபவர் காலை 9 மணிக்குள் பார்சல் ஆபீஸில் போய் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆம்னி பஸ்கள் போக, அரசு விரைவுப் பேருந்துகளிலும் 2022 முதல் பார்சல் ஏற்றுகிறார்கள். பின்பக்க இன்ஜினை ஒட்டிய அறையில் வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்கவும். வீட்டு வாசலுக்கே வேண்டும் என்பவர்களுக்கு ஸ்பீட் போஸ்ட்டோ கூரியரோ, திங்கள் அல்லது செவ்வாய் மட்டும் போடவும். வெள்ளிக்கிழமை போட்டது ஞாயிறு முழுக்கத் தகரக் கூரை கோடவுனில் கிடக்கலாம்.

சீசன் தொடங்கும் முன் ஒரு சோதனை: தயாரான பார்சலை, உள்ளே அதிகபட்சச் சூட்டைப் பதிவு செய்யும் தெர்மாமீட்டரோடு, மூடிய காரில் காலை 11 முதல் மதியம் 3 வரை படுக்க வைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். வேக்ஸ் சாய்ந்திருந்தால் அந்தக் கலவையை ஜூன் வரை விற்க வேண்டாம்.

பெட்டிக்குள் ஒரு சீட்டும் போடுங்கள்: "வந்தவுடன் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். நிமிர்த்தி, அறைச் சூட்டில் நான்கு மணி நேரம் விடவும். மேலே எண்ணெய் நின்றால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்த பிறகே பற்ற வைக்கவும்."