பழைய டிராக்டர் பேக்ஹோ: பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது விலை

கோவைக்கு வெளியே பழைய இயந்திரங்களை வாங்கி விற்கும் ஒரு யார்டில், டிராக்டரின் பின்னால் மாட்டும் பேக்ஹோ (மண் தோண்டும் கை) ஒன்றை அண்மையில் விலை பேசி வாங்கினேன். தென்னந்தோப்பில் வடிகால் வெட்டவும் குழாய் பதிக்கவும் அது தேவைப்பட்டது.

முதலில் சொன்ன விலை 2,30,000 ரூபாய். புதிதாக மஞ்சள் பெயிண்ட் அடித்து, பக்கெட்டுக்குப் புதுப் பற்களும் மாட்டி வைத்திருந்தார்கள். பற்கள், ஹோஸ்கள், சிலிண்டர் சீல்கள் எல்லாம் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளக்கூடியவை என்பதால், அவை புதிதாக இருக்கின்றன என்று விலையை ஏற்றவும் வேண்டாம், பழசாக இருக்கின்றன என்று இயந்திரத்தை ஒதுக்கவும் வேண்டாம். பார்க்க வேண்டியவை மூட்டுகளை இணைக்கும் இரும்புப் பின்களும் அவை நுழையும் துளைகளும். பூமை (பக்கெட்டைத் தாங்கும் நீண்ட கையை) நீட்டி, பக்கெட்டைத் தரையிலிருந்து சற்றே தூக்கி நிறுத்திப் பக்கவாட்டில் அசைத்தால், எந்த மூட்டில் ஆட்டம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பின்னும் அதைச் சுற்றியுள்ள உறையான புஷ்ஷும் மட்டும் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் செய்து போட்டுவிடலாம். துளையே நீள்வட்டமாகிவிட்டிருந்தால் வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி போரிங் செய்ய வேண்டும், செலவு பல மடங்காகும். இதில் பக்கெட் பின் மட்டுமே லூஸாக இருந்தது. ஆனால் பூம் இடவலமாகத் திரும்பும் அடித்தூணைத் தடவியபோது, பெயிண்டுக்கு அடியில் ஒரு வெல்டிங் தடிப்பு விரலில் தட்டுப்பட்டது. "அது கம்பெனி வெல்டிங்குங்கண்ணா" என்றார் விற்பவர். மறுபக்கத்தில் அதே இடம் வழவழவென்று இருந்தது, கம்பெனி வெல்டிங் என்றால் இரண்டு பக்கமும் இருந்திருக்க வேண்டுமே.

ஹைட்ராலிக்கைக் குளிர்ந்த நிலையில் சோதிப்பதில் பயனில்லை. ஆயில் கெட்டியாக இருக்கும்போது தேய்ந்த பம்ப்பும் வால்வும் நன்றாகவே வேலை செய்வதாகத் தோன்றும். அரை மணி நேரம் மண் தோண்டச் சொல்லி, ஆயில் சூடான பிறகு பூமை நீட்டி நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தேன். மெல்லத்தான் இறங்கியது, பழைய இயந்திரத்துக்கு அது போதும். டேங்க் மூடியைத் திறந்து பார்க்கவும் அனுமதித்தார்கள். ஆயில் பால் கலந்த டீயைப் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். இங்கே தெளிவாக இருந்தது. ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பவர்கள் உண்டு, அதைச் செய்யவே கூடாது. ஊசித்துளை வழியே அழுத்தத்தில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கசிவைக் கண்டுபிடிக்க ஓர் அட்டைத் துண்டைக் காட்டினாலே போதும்.

விலையை உண்மையில் உடைத்தது மாட்டும் அமைப்புதான். பெரும்பாலான டிராக்டர்களுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. என்ஜினும் கியர்பாக்ஸும் பின்பக்க ஹவுசிங்கும் (பின் அச்சின் கூடு) சேர்ந்ததே அதன் உடம்பு. கலப்பை போன்றவற்றை மாட்டும், டிராக்டரின் பின்னாலுள்ள மூன்று இணைப்பில் மட்டும் பேக்ஹோவைத் தொங்கவிட்டுத் தோண்டினால் அந்த விசை முழுவதும் ஹவுசிங்கில் விழுந்து விரிசல் விடக்கூடும். பேக்ஹோவே மேலெழும்பி இயக்குபவரை டிராக்டரோடு நசுக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே விசையைத் தாங்க, முன் அச்சு வரை நீளும் இரும்புச் சட்டமான சப் ஃபிரேம் அவசியம், அது ஒவ்வொரு டிராக்டர் மாடலுக்கும் தனித்தனி. இதனுடன் வந்த ஃபிரேம் வேறு மாடலுக்கு உரியது. என் 50 எச்.பி. டிராக்டருக்குப் புதிதாக ஃபிரேம் செய்யும் கூலியையும் அடித்தூணை மறுபடி பலப்படுத்தும் செலவையும் கணக்குக் காட்டிக் கழித்து, 1,65,000 ரூபாய்க்கு முடித்தேன்.

தாராளமாக ஓட்டிப் பார்க்க விட்டதற்கு அந்த யார்டைப் பாராட்டலாம். வெல்டிங்கை மறைத்ததற்கு மதிப்பெண் குறைப்பேன். டிராக்டருக்கு இருப்பதுபோல் இதற்கு ஆர்.சி. புத்தகம் இல்லை, முதல் உரிமையாளரின் பில்லும் அவர்களிடம் இல்லை. தகட்டில் உள்ள வரிசை எண்ணைக் குறிப்பிட்டு, முத்திரையிட்ட ரசீது தந்த பிறகே பணம் கொடுத்தேன்.