பாலைவனத்துக்குத் தைத்த பை, பழனி மலையில் எவ்வளவு தேறும்?

ஜிப் வைத்த சிவப்புத் துணிப் பை. அட்டையில் மணல்மேட்டுப் படம். உள்ளே 16 வகைப் பொருள். எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, விலை 2,000 ரூபாயை ஒட்டி. ‘அவசரகால உயிர்காப்புப் பை’ என்று ஆன்லைனில் பல பெயர்களில் விற்றாலும் உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். அமெரிக்காவின் அரிசோனா, யூட்டா பாலைவனங்களில் நடப்பவர்களுக்கான பட்டியலை அப்படியே எடுத்து அடுக்கியிருக்கிறார்கள். கூடவே வரும் குறிப்பு அட்டையும் அந்த மண்ணுக்கு எழுதியதுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஜெய்சல்மேர் பக்கம் சாம் மணல்மேடுகளில் நடக்கப் போகிறவருக்கு இந்தப் பையில் முக்கால்வாசி தேறும். பழனி மலைத்தொடரில், பெரியகுளம் பக்கம் கும்பக்கரையில் ஏறி வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் போகிறவருக்குப் பாதிதான் தேறும். இரண்டு பொருள்களைப் பையிலிருந்து எடுத்து எறிந்துவிட வேண்டும், ஏனென்றால் அவை ஆபத்தைக் கூட்டும்.

‘மலைக்குப் போகிறவருக்குப் பாலைவனப் பை எதற்கு?’ என்று கேட்கத் தோன்றும். நம் திணைக் கணக்கில் பாலை என்பது தனி மணல்வெளி இல்லை. குறிஞ்சியும் முல்லையும் மழையற்றுக் காய்ந்தால் அதுவே பாலை. மார்ச், ஏப்ரலில் பழனி மலையின் தெற்குச் சரிவைப் பார்த்தவருக்கு இது விளங்கும். பாறை கொதிக்கும், புல் சருகாகும், ஓடை வற்றி உருளைக்கல் மட்டும் கிடக்கும். ஆனால் பெரியகுளம் சுமார் 300 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு 6 முதல் 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில், அடிவாரத்தில் 37 டிகிரி என்றால் மேலே 26. அதோடு மாலை மஞ்சும் காற்றும் ஒரு தூறலும் சேர்ந்தால் உடம்புக்கு அது கடுங்குளிர். பாலைவனத்தில் பகலும் இரவும் செய்வதை இங்கே அடிவாரமும் உச்சியும் செய்கின்றன. கூடுதலாக இங்கே நனையவும் வேண்டியிருக்கிறது. பையை எடைபோட வேண்டியது இந்த அளவுகோலில்தான்.

முதலில் தண்ணீர். பையில் 125 மில்லி பாக்கெட் நான்கு இருக்கிறது. மொத்தம் அரை லிட்டர். வெயிலில் ஏற்றம் ஏறுகிறவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்வையாகப் போகும் என்பதால் இது அரை மணி நேரச் சரக்கு. தார் பாலைவனத்தில் கோடையில் வெப்பம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2016 மே 19 அன்று ராஜஸ்தானின் பலோடியில் பதிவான 51 டிகிரியே சாட்சி. அங்கேயும் இந்த அரை லிட்டர் பெயருக்குத்தான். பாக்கெட்டுகளை எடுத்துவிட்டு ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் மூன்று கொண்டுபோங்கள். கொடைக்கானலில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எப்படியும் அதுதான் வழி. வெயில் ஏறுமுன் அடிவாரச் சரிவைக் கடந்துவிட வேண்டும். விடிந்ததும் கிளம்பினால் 10 மணிக்குள் முடியும். 11 மணிக்கும் அடிவாரத்திலேயே நிற்கிறீர்கள் என்றால் அன்றைக்கு ஏறாமல் இருப்பதே சரி.

வெறும் தண்ணீரையே நாள் முழுக்கக் குடித்தால் ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். பையில் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) இல்லாதது பெரிய குறை. மருந்துக்கடையில் உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சிட்ட பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். பெரியது ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டரில் கரைக்கக் கூடாது. செறிவு கூடினால் வயிற்றுப்போக்குதான் மிச்சம். பாக்கெட் இல்லாத இடத்தில் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி.

குளோரின் மாத்திரை 10 இருக்கிறது. நல்ல பொருள், குறிப்பு அட்டைதான் அரைகுறை. கலங்கிய தண்ணீரில் நேராகப் போட்டால் மாத்திரையின் வீரியம் சேற்றிலேயே செலவாகிவிடும். வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, தெளியவிட்டு, பிறகு போடுங்கள். அட்டை சொல்வது 30 நிமிடம். குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் குளோரின் மெதுவாக வேலை செய்வதால் மேலே ஒரு மணி நேரம் விடுங்கள். பூச்சிமருந்து மாத்திரைக்கு மசியாது. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் வயல்களுக்குக் கீழே ஓடும் தண்ணீரை என்ன செய்தாலும் குடிநீராக்க முடியாது. வயலுக்கு மேலே, சோலைக்குள்ளிருந்து வரும் ஓடையில்தான் எடுக்க வேண்டும். கொதிக்க வைப்பதானால், 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள்.

எறிய வேண்டிய முதல் பொருள் அந்தக் குறிப்பு அட்டை. ‘தண்ணீர் தீர்ந்தால் கள்ளியை வெட்டி உள்சதையைப் பிழியவும்’ என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். அரிசோனாவின் பீப்பாய்க் கள்ளியிலேயே இது தவறான யோசனை. அந்தச் சாற்றில் உள்ள ஆக்சாலிக் அமிலமும் ஆல்கலாய்டுகளும் வாந்தி, பேதியைக் கிளப்பி, இருக்கிற நீரையும் வெளியே தள்ளும். நம் அடிவாரத்தில் ‘கள்ளி’ என்று நிற்பதோ வேறு குடும்பம். சதுரக்கள்ளி, திருகுகள்ளியை வெட்டினால் வருவது பால். கள்ளிப்பால் என்ன செய்யும் என்று மதுரை, தேனிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வைக்கே ஆபத்து. வெளியூர் நண்பர் யாரிடமாவது இந்தப் பை இருந்தால் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள். அடுத்த வரியில் வரும் குழி வெட்டி பிளாஸ்டிக் தாள் விரித்து நீர் சேர்க்கும் முறைக்கும் இதே பதில்தான். நாள் முழுக்கக் காத்தாலும் ஒரு லிட்டர் தேறாது, குழி வெட்டுவதில் போகும் வியர்வை அதைவிட அதிகம்.

எறிய வேண்டிய இரண்டாவது, பாம்பு விஷம் உறிஞ்சும் பம்ப். மஞ்சள் நிறத்தில் ஊசி மாதிரி இருக்கும். பல் இறங்கிய ஆழத்தில் விஷம் திசுவுக்குள் பரவிவிடுகிறது; மேல்தோலில் வைத்து இழுத்தால் வருவது ரத்தமும் நீரும்தான். தோல் புண்ணாகும், அதைவிட மோசம், ‘விஷத்தை எடுத்தாயிற்று’ என்ற நிம்மதியில் மருத்துவமனைக்குப் போவது தாமதமாகும். அந்த இடத்தில் 10 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ் இரண்டை வையுங்கள். கடித்ததும் மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றி, கை காலைக் குச்சியோடு சேர்த்து அசையாமல் கட்டி (இறுக்கிக் கட்டக் கூடாது), நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ போக வேண்டாம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் தயாரானது. சோலைகளிலும் தேயிலை, காபித் தோட்டங்களிலும் இருக்கும் குழிவிரியன்கள் அதில் அடங்காது. ஆகவே ‘மேலேயா, அடிவாரத்திலா, எந்த இடத்தில் கடித்தது’ என்பதை மருத்துவரிடம் சொல்வது சிகிச்சைக்கே உதவும்.

பையில் உள்ளதிலேயே அதிகம் பேச வேண்டியது வெள்ளித்தாள் போர்வை. 210 க்கு 130 செ.மீ., எடை 60 கிராம் கூட இல்லை. உடம்பிலிருந்து கதிராக வெளியேறும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். தரைக்கும் காற்றுக்கும் ஈரத்துக்கும் போகும் வெப்பத்தை அது தடுக்காது. பாலைவனத்தில் இதன் முதல் வேலை நிழல். தலைக்கு மேல் கட்டி, அதற்கும் உடம்புக்கும் நடுவே காற்றோட இடம் விட வேண்டும். நண்பகல் மணல் 60 டிகிரியைத் தாண்டும் என்பதால் தரையில் உட்காராமல் முதுகுப்பை மேல் உட்கார வேண்டும். அடிவாரப் பாறைச் சரிவில் மாட்டிக்கொண்டால் இதே முறை இங்கும் செல்லும்.

மேலே கதை மாறிவிடுகிறது. ஈரச் சட்டைமேல் வெள்ளித்தாளைச் சுற்றிக்கொண்டால் உள்ளே வியர்த்து இன்னும் நனைவீர்கள். காற்றில் ஒரு முள் பட்டால் போதும், தாள் நெடுக்கக் கிழிந்துவிடும். இதோடு ஆள் நுழையும் அளவு கனமான தார்ப்பாலின் பையோ, தலைவழியாக மாட்டும் பொன்சோ மழைப்போர்வையோ சேர்த்தால்தான் பயன். வரிசை முக்கியம்: முதலில் காற்று மறைவு, பிறகு ஈரத் துணியைக் கழற்றி உலர்ந்த பனியன், ஸ்வெட்டர், குல்லா, கீழே முதுகுப்பையோ உலர்ந்த சருகுக் குவியலோ, அதற்கு மேல் வெள்ளித்தாள், வெளியே தார்ப்பாலின், முகத்துக்குத் திறப்பு. நடுங்குகிறவருக்கு நினைவு தெளிவாக இருந்தால் சூடாகச் சர்க்கரை போட்ட காபி கொடுக்கலாம். நடுக்கம் தானாக நின்று, பேச்சு குழறி, கால் பின்னினால் அது தேறியதன் அறிகுறி இல்லை. உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. கை காலைத் தேய்க்காதீர்கள், பிராந்தி கொடுக்காதீர்கள். படுத்த நிலையில் அசைக்காமல் சூடாக்கி, உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

எதிர்த்திசை ஆபத்துக்குப் பையில் இருப்பது பாராசிட்டமால் மட்டும். வெப்பத்தாக்கில் அது வேலை செய்யாது, ஏனென்றால் அது காய்ச்சல் இல்லை. வியர்த்துக் கொட்டி, தலைசுற்றி, குமட்டினால் நிழலில் படுக்க வைத்து ஓஆர்எஸ்ஸை வாய் வாயாகக் கொடுத்தால் தேறுவார். ஆள் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், வலிப்பு வருகிறது என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு எல்லாம் நனைத்து, துண்டால் விசிறி, அங்கேயே குளிரவைக்கத் தொடங்க வேண்டும். தூக்கிக்கொண்டு ஓடுவது அதற்குப் பிறகுதான்.

தீப்பொறிக் கம்பி வேண்டாம். ரிசர்வ் காட்டில் தீ மூட்டுவது 1882 தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காய்ந்த புல்சரிவில் பரவிய காட்டுத்தீ நம் கண்முன் இருக்கிறது. தீ மேடு நோக்கித்தான் வேகமாக ஓடும். தீயைக் கண்டால் மேலே ஏறாமல் பக்கவாட்டில் விலகி, பாறைப் பரப்புக்கோ ஏற்கெனவே எரிந்து கருத்த தரைக்கோ போக வேண்டும். ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ஏற்பாட்டில் 40 பாதைகளுக்கு அனுமதியும் வழிகாட்டியும் கிடைக்கும். தீ அபாயக் காலத்தில் அவற்றை மூடும்போது வேறு வழியில் நுழையப் பார்க்காதீர்கள்.

விசில் அருமை. உள்ளே உருளும் குண்டு இல்லாத வகை என்பதால் ஈரத்திலும் ஒலிக்கிறது. மூன்று நீள ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி மூன்று. எதிரே காட்டுமாடு நின்றால் மட்டும் ஊதாமல் பின்வாங்கி வழிவிடுங்கள். சைகைக் கண்ணாடி பாலைவனத்தில் பல கிலோமீட்டருக்குத் தெரியும். இங்கே மதியத்துக்குமேல் மஞ்சு இறங்கினால் அது முகம் பார்க்கத்தான். காலை வெயிலில், எதிர்மலை நோக்கி, நீட்டிய இரு விரல் நடுவே இலக்கை வைத்து, ஒளியை விரல்மேல் விழச்செய்து அசைத்தால் குறி தப்பாது. பொத்தான் திசைகாட்டியை நம்பாதீர்கள், போன் பக்கத்தில் வைத்தாலே முள் திரும்புகிறது. போனிலேயே வரைபடத்தை முன்கூட்டி இறக்கி வைத்தால், சிக்னல் இல்லாமலும் ஜிபிஎஸ் இடத்தைக் காட்டும். உங்கள் சிம்முக்குக் கோபுரம் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் 112 அவசர அழைப்பு போகும். பள்ளத்தில் நின்று திரும்பத் திரும்ப அழைத்து பேட்டரியைக் கரைக்காமல், மேட்டுக்குப் போய் எஸ்எம்எஸ் அனுப்புங்கள். குறிப்பு அட்டை சிபாரிசு செய்யும் சாட்டிலைட் கருவியை வெளிநாட்டிலிருந்து வாங்கி வராதீர்கள், இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருந்தால் வழக்கு.

கயிறு பரவாயில்லை, கத்தி மொக்கை. எனர்ஜி பாருக்குப் பதில் கடலை மிட்டாய் போதும்; தண்ணீர் தீர்ந்த நிலையில் இரண்டையுமே தொடாதீர்கள், செரிக்க நீர் வேண்டும். ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சிக்குப் பையில் ஒன்றுமே இல்லை. முழங்கால் வரை வரும் நெருக்கமான துணிக் காலுறையும் ஒரு சிறு மூட்டை உப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விசில், வெள்ளித்தாள் இரண்டு, குளோரின் மாத்திரை, ஓஆர்எஸ் ஆறு, கிரேப் பேண்டேஜ், தார்ப்பாலின், தலையில் மாட்டும் டார்ச் எல்லாம் தனித்தனியாக வாங்கினால் இந்தப் பையின் விலைக்குள் அடங்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பம்பையும் குறிப்பு அட்டையையும் எடுத்துவிட்டு, பொத்தான் செல் டார்ச்சை மாற்றுங்கள். சோலைக்குள் ஐந்தரைக்கே இருட்டிவிடும், அந்த டார்ச்சின் வெளிச்சம் கால்விரலைத் தாண்டாது. புது டார்ச்சில் ஒரு பேட்டரியைத் தலைகீழாகப் போட்டு வையுங்கள். பைக்குள் சுவிட்ச் அழுந்தினாலும் எரிந்து தீராது. தேவைப்படும்போது இருட்டிலேயே தடவித் திருப்பிப் போட வீட்டில் இரண்டு முறை பழகிக்கொள்ளுங்கள்.