302 நியூரான்களும் 34 கராத்தேக்காரர்களும்

மூளையோ ஊரோ, வலைப்பின்னல் என்று வந்துவிட்டால் அமைப்பு ஒன்றுதான் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. 1998-இல் கணித ஆய்வாளர்கள் வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரைக்கு இதில் பெரும் பங்குண்டு. 302 நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், கொண்ட சீ. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவின் நரம்பு வலையில் எந்த நியூரானிலிருந்தும் இன்னொன்றுக்குப் போகச் சராசரியாக 2.65 தாவல் போதும் (ஒரு இணைப்பைக் கடப்பது ஒரு தாவல்). சேர்ந்து நடித்தவர்களை இணைத்துப் போட்ட சினிமா நடிகர் வலையில் 3.65. இரண்டிலும் முக்கோணங்கள் ஏராளம்: என் கூட்டாளிகள் இருவர் தங்களுக்குள்ளும் கூட்டாளிகள்.

சரி, அந்த முக்கோணங்கள் எப்படி வந்தன? ஒரு படத்தில் நாற்பது பேர் நடித்தால் நாற்பது பேரும் ஒருவருக்கொருவர் இணைந்தவர்களாகக் கணக்கில் ஏறிவிடுகிறார்கள். நாயகனும், ஒரே காட்சியில் டீ கொண்டுவந்து வைத்தவரும்கூட! புழுவில் இப்படி மொத்தமாக எதுவும் ஒட்டாது. இரண்டு நியூரான்கள் தொட்டுக்கொண்டு நின்று, தனியாக ஒரு இணைப்பு வளர்ந்தாக வேண்டும்.

பெரும்புள்ளிகள் விஷயத்திலும் வித்தியாசம் உண்டு. நடிகர் வலையில் நிறைய இணைப்பு உள்ளவர்கள் தங்களைப் போன்றவர்களோடே சேர்கிறார்கள். 2002-இல் இயற்பியலாளர் நியூமன் −1 முதல் +1 வரையான அளவுகோலில் போட்ட கணக்கில் இது +0.208. புழுவிலோ −0.163, அதாவது பெரியது சின்னதோடு சேரும் போக்கு. ஆனால் இந்த ஒற்றை எண்ணை நம்பி முடிவு கட்டக்கூடாது. அதே புழுவில் 11 பெரும்புள்ளி நியூரான்கள் தங்களுக்குள் நெருக்கமாகக் கோத்துக்கொண்டிருப்பது 2013-இல் தெரியவந்தது.

மனிதர் பக்கமும் விதிவிலக்கு உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கராத்தே கிளப்பை ஆராய்ந்து மானிடவியலாளர் சக்கரி 1977-இல் வெளியிட்ட வலையில் 34 பேர். அதற்கு இதே கணக்கைப் போட்டால் −0.48 வரும்! பயிற்சியாளரைச் சுற்றி ஒரு கூட்டம், கிளப் தலைவரைச் சுற்றி இன்னொரு கூட்டம்; இருவருக்கும் நடுவே நேரடி இணைப்பே இல்லை.

எனக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு வேறு. ஏவிஏ என்ற நியூரான் ஜோடி எல்லாப் புழுவிலும் உண்டு, அதே இடத்தில். லேசரால் அதை அழித்தால் புழு பின்னோக்கி நகரத் திணறுகிறது. கிளப்பிலோ, கட்டணத் தகராறில் ஆட்கள் இரண்டாகப் பிரிந்தபோது, பழைய பழக்கத்தை வைத்து யார் எந்தப் பக்கம் போவார் என்று சக்கரி போட்ட கணக்கு ஒருவரைத் தவிர எல்லோருக்கும் பலித்தது. அந்த ஒருவர் தலைவர் பக்கத்து ஆள். ஆனால் கறுப்பு பெல்ட் தேர்வுக்கு மூன்றே வாரம் பாக்கி. தலைவர் தரப்பின் புதுக் கிளப்பில் கராத்தே பாணியே மாறுவதால் வெள்ளை பெல்ட்டிலிருந்து தொடங்க வேண்டும். நான்கு வருட உழைப்பை விட மனசில்லாமல் பயிற்சியாளரோடு போய்விட்டார். பெல்ட் கணக்கு வலையின் எந்தக் கோட்டிலும் இல்லை; நியூரானைப் போலன்றி மனிதர் தன் காரணத்துக்காகப் பக்கம் மாறிவிடுகிறார்.

அதற்காகப் புழுவின் வரைபடம் முழுமையானது என்றும் சொல்லிவிட முடியாது. நியூரான்கள் வெளிவிடும் நியூரோபெப்டைடுகள் என்ற சிறு மூலக்கூறுகள் இணைப்பே இல்லாத நியூரானுக்கும் சேதி கொண்டுபோகும். 1986-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை வைத்து வரைந்த கோடுகளில் அவை கிடையாது.